மிச்சம் எட்டு

எஸ்.பி. ரோட்டில் எண்ணூறு ரூபாய்க்கு வாங்கியது.
முன் ஜென்மத்தில் ஏதோ வங்கியில்
டோக்கன் எண் காட்டிய பலகை.
இப்போது காக்ஸ் டவுன் மைதானத்தில்
தண்ணீர் டிரம்மில் சாய்ந்து நிற்கிறது.
ரிமோட் என் கையில்.

போன வருஷம் வரை ஓர் ஆட்டம் நாலு மணி நேரம்.
பிட்சர் பந்தைத் துடைப்பான். தொப்பியைக் கழற்றி மாட்டுவான்.
முதல் பேஸுக்குச் சும்மா ஒன்று எறிவான்,
திரும்ப எறிவான்,
அங்கே நிற்பவன் ஓடப்போகும் கடன்காரன் என்பதுபோல.
கேட்சர் லிங்டோ எழுந்துபோய்
வாயைக் கையுறையால் மறைத்து ஆலோசிப்பான்.
(எந்தக் கடையில் பிரியாணி என்றுதான் பேசினார்களாம்.)
நான் ஸ்கோர் நோட்டின் ஓரத்தில்
மீனாக வரைந்து தள்ளுவேன்.
இருட்டிவிடும்.
ஆறே முக்கால் மாரிக்குப்பம் வண்டி
எனக்காக ஒருநாளும் நின்றதில்லை.

ஆகவே புது விதிக்கு வாக்கெடுத்தபோது
முதலில் உயர்ந்த கை என்னுடையது.

பேஸ் காலி என்றால் பதினைந்து நொடி.
ஆள் நின்றால் பதினெட்டு.
பேஸுக்கு எறிந்து பார்ப்பது இரண்டே தடவை.
மிச்சம் எட்டு என்னும்போது
மட்டைக்காரன் நிமிர்ந்து பிட்சரைப் பார்த்தாக வேண்டும்.
பார்க்காவிட்டால்
எறியாத பந்துக்கு ஒரு ஸ்ட்ரைக்.

ஆட்டம் இரண்டரை மணிக்குச் சுருங்கியது.
சமோசாக்காரர் மட்டும் சண்டைக்கு வந்தார்.

நாச்சப்பாவை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.
விராஜ்பேட்டைக்காரர், நாற்பத்தொன்று வயது.
கையுறைப் பட்டையை அவிழ்த்து இறுக்குவார்:
இடது, வலது, மறுபடி இடது.
மட்டையால் தரையில் இரண்டு தட்டு.
கண்ணை மூடுவார். பிறகுதான் உலகம்.
அளந்திருக்கிறேன்: பதினொரு நொடி.
பதினெட்டிலிருந்து எட்டு போனால் பத்து.
அந்த ஒரு நொடியை
அவர் எங்கே போய்க் குறைப்பார்?

பலகையிலும் ஒரு கோளாறு.
கீழே இடப்பக்கக் கோடு எரியாது.
எட்டு ஒன்பதாகத் தெரியும், ஆறு ஐந்தாக.
ஒன்பது இரண்டு நொடி நிற்கும்,
ஐந்தும் அப்படியே.
எல்லோருக்கும் தெரியும். யாரும் பழுது பார்க்கவில்லை.

ஞாயிறு, கடைசி இன்னிங்ஸ்.
மூன்றாம் பேஸில் ஆள், இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக்.
இடது. வலது. மறுபடி இடது.
தட்டு. தட்டு.
அவர் கண் திறந்தபோது பலகையில் ஒன்பது.
அம்பயர் ஃபெலிக்ஸ் கை தூக்கிவிட்டார்.
"ஒன்பது இருக்கு, நோடி சார்!" என்று பாதி மைதானம்.
"எட்டு, எட்டு" என்று மீதி.
ஃபெலிக்ஸ் என்னிடம் நடந்து வந்தார்.
"ஒன்பதா, எட்டா?
நீ சொல்வதுதான்."

ரிமோட்டில் எட்டு எட்டாகவே தெரியும்.
"எட்டு" என்றேன்.
பந்தே வராமல் ஆட்டம் முடிந்தது.

உண்மைதான் சொன்னேன்.
ஆனால் அப்போது மணி ஆறு ஐந்து என்பதும்
எனக்குத் தெரிந்திருந்தது.

நாச்சப்பா கத்தவில்லை.
நான் ஒயரைச் சுற்றி முடிக்கும்வரை
அதே இடத்தில் நின்று
பட்டையை மெதுவாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.
அவிழ்ப்பதற்கு விதி இன்னும் வரவில்லை.

ஈஸ்ட் ஸ்டேஷனில் வண்டி நேரத்துக்கு வந்தது.
ஜன்னலோரம்கூடக் கிடைத்தது.
தேவனகுந்தி தாண்டி, சிக்னலும் இல்லாத இருட்டில்
சும்மா நின்றுவிட்டது.
ஐந்து நிமிஷம். பதினைந்து. இருபத்திரண்டு.
யாருக்கு ஸ்ட்ரைக் கொடுப்பது?
எதிர் சீட்டில் ஒருவர் செருப்பைக் கழற்றிச் சம்மணம் போட்டார்.
மடியில் பலகை.
என் பையின் வாரை
அவிழ்த்து இறுக்கிப் பார்த்தேன்.
இடது. வலது. மறுபடி இடது.
இரண்டு தட்டு.
கண்ணை மூடினேன்.

பதினொன்றுதான் ஆகிறது.
குறைக்க வரவில்லை.